மருட்கைக்குப் புள்ளியில்லை

வியப்பு என்பது ஓய்வுள்ளோரின் உடைமைதானா? இவ்வினா நெடுநாளாக என் மனத்தை அரித்து வருகின்றது. நூல்களைப் புரட்டியதால் எழுந்த வினா அன்று இது; என் கைச் சிவப்பு மையினால் நான் இழைத்த தவறொன்றினால் எழுந்தது. ஆதலின் அந்தத் தவற்றை முதலிற் சொல்லிவிடுவதே முறை.

2022 ஆம் ஆண்டு மார்ச்சு மாதக் கடைசி. நாட்டின் அந்நியச் செலாவணி வற்றி, எண்ணெய் வாங்கவும் வழியின்றி, மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை நீண்ட காலம். பதுளை நகருக்கு அப்பால், தேயிலை மலைகளின் நடுவே அமைந்த ஒரு பாடசாலையிலே பதினோராந் தர மாணவருக்கு நான் தமிழ் கற்பித்துக்கொண்டிருந்தேன். சாதாரண தரப் பரீட்சை நெருங்கிவிட்டது. 'மின்வெட்டினால் விளையும் இன்னல்கள்' என்று தலைப்புக் கொடுத்துக் கட்டுரை எழுதச் சொன்னேன். பிள்ளைகள் எழுதினார்கள். குப்பி விளக்கின் புகையினாற் கண் எரிந்ததை எழுதினார்கள். மண்ணெண்ணெய்க்காக வரிசையில் நின்று பாடசாலைக்கு வரமுடியாமற் போனதை எழுதினார்கள். ஸ்டோரில் இயந்திரம் நின்றுபோகப் பறித்த கொழுந்து பழுதானதை எழுதினார்கள். எல்லாம் உண்மை, எல்லாம் தலைப்புக்கு உட்பட்டவை. புள்ளி வழங்குவதில் எனக்குத் தொல்லை இருக்கவில்லை.

ஒரு பையன் மட்டும் வேறொன்றை எழுதியிருந்தான். அவனுடைய லயத்து இஸ்தோப்பிலிருந்து நோக்கினால் நாள்தோறும் பள்ளத்தில் பதுளை நகரத்தின் விளக்குகள் தெரியுமாம். அவற்றுக்கு இப்பால் ஸ்டோர் விளக்கு. அதற்கும் மேலே பங்களா விளக்கு. அன்றிரவு மூன்றும் இல்லை. டீசல் கிடையாமையால் பங்களாவின் இயந்திரமும் ஓடவில்லை. அம்மா உள்ளே குப்பி விளக்கில் ரொட்டி சுட்டுக்கொண்டிருக்க, இவன் வெளியே வந்து நின்றிருக்கிறான். நமுனுகுல மலை கறுப்பாய் நிற்க, அதற்கு மேலே சிலுவைபோல நான்கு வெள்ளிகள் எழுந்து நின்றன என்று எழுதியிருந்தான். டவுன், பங்களா, லயம் எல்லாம் ஒரே இருட்டாய் இருந்தன என்றும், தான் எங்கே நிற்கிறான் என்பதே சற்று நேரம் மறந்துபோயிற்று என்றும் எழுதியிருந்தான். கடைசி இரண்டு வாக்கியங்கள் இன்றும் எனக்கு நினைவிருக்கின்றன. 'நான் அழுதேன். எனக்குத் துக்கம் ஒன்றும் இல்லை.'

நான் அதன் அடியிலே 'தலைப்புக்குப் புறம்பு' என்று எழுதி, 20 இற்கு 6 புள்ளி இட்டேன். எழுத்துப்பிழைகளையும் வட்டமிட்டேன்.

பையன் கொப்பியை வாங்கினான், பார்த்தான், மூடிவைத்தான். ஒன்றுஞ் சொல்லவில்லை. அவ்வாண்டு மே மாதத்திற் பரீட்சை எழுதியதும் கொழும்பிலே கடை வேலைக்குப் போய்விட்டான். கொப்பியும் அவனோடு போயிற்று. நான் இட்ட ஆறு புள்ளியைத் திருத்த எனக்கு வழியில்லாமற் போயிற்று.

பல்கலைக்கழகத்திலே தமிழ் படித்துப் பட்டம் பெற்றவன் நான். தொல்காப்பியத்து மெய்ப்பாட்டியலை வரிவரியாய்ப் படித்தவன். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டையும் உறக்கத்திலும் ஒப்புவிக்க வல்லவன். நான்காவதாக நிற்கும் மருட்கை எவ்வெவற்றால் எழும் என்பதையும் தொல்காப்பியர் வகுத்திருக்கிறார்: புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கினால். முன்பு காணாததைக் கண்டாலும், மிகப் பெரியதைக் கண்டாலும், மிகச் சிறியதைக் கண்டாலும், ஒன்று மற்றொன்றாய் மாறக் கண்டாலும் மனிதனுக்கு மருட்கை பிறக்கும். அந்தப் பையனின் இரவிலே இந்நான்கும் இருந்தன. வானம் பெரிது; தான் சிறியவன்; காட்சி புதிது; தினமும் கண்ட ஊர் வேறோர் ஊராய் ஆகிவிட்டது. பரீட்சைக்காகப் பாடஞ்செய்த சூத்திரம் உயிரோடு என் மேசைக்கு வந்து கிடந்தபோது எனக்கு அதை அடையாளங் காணத் தெரியவில்லை. என்ன படிப்புப் படித்தேன் என்று பின்னர் பலமுறை என்னையே கேட்டுக்கொண்டேன்.

இதை ஆசிரியர் அறையிலே ஒரு நண்பரிடம் சொன்னேன். அவர் நல்லவர், தொழிற்சங்கக் குடும்பத்தில் வந்தவர், பிள்ளைகளுக்காகக் கைக்காசு செலவிடுபவர். அவர் சிரித்துக்கொண்டே, "அந்தப் பிள்ளைக்கு முதலில் வேண்டியது வீடும் ஊதியமும். வெள்ளி பார்த்து அழுவதெல்லாம் வயிறு நிறைந்தவன் செய்யும் வேலை. நீர் அதற்குப் புள்ளி போட்டிருந்தால் அவன் கவிஞனாகியிருப்பான். கடைக்குப் போகாமல் இருந்திருப்பானா?" என்றார்.

இவ்வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. நம்முள் பலரும் மேடையில் வேறு சொற்களில் இதையே சொல்லிவருகிறோம். இதற்குச் சான்று காட்ட விரும்புவோர் மார்க்சிடமே செல்லலாம். 1844 ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் அவர் எழுதிய கையெழுத்துப் படிகள், அவர் மறைந்து பல்லாண்டு கழித்து 1932 இல் முழுமையாய் அச்சேறின. அவற்றில், கவலையாலும் வறுமையாலும் நசுக்குண்ட மனிதனுக்கு மிக அழகிய காட்சியையும் நுகரும் புலன் இராது என்ற கருத்தை அவர் சொல்லியிருக்கிறார். என் நண்பர் இதை அறிவார். ஆனால், அதே இடத்தில் மார்க்சு இன்னொருவரையும் உடன் நிறுத்தியிருப்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். கனிப்பொருள் வாணிபன் கனிப்பொருளின் விலையைக் காண்பானேயன்றி அதன் அழகைக் காணான் என்பது அவருடைய அடுத்த கூற்று. ஏழையின் புலன் பறிக்கப்படுகிறது. வணிகனின் புலன் தானே செத்துவிடுகிறது. மனிதனின் ஐம்புலன்களும் உலக வரலாறு முழுவதும் உழைத்து உருவாக்கிய பொருள்கள் என்று கருதியவர் அவர். அந்தப் புலன்களை மனிதனுக்கு மீட்டுக் கொடுப்பதும் விடுதலையின் ஒரு கூறு என்றே அவரை நான் விளங்கிக்கொள்கிறேன். ஊதியம் கிடைத்த பிறகு தரப்படும் வெகுமதியாக அதை எண்ண எனக்கு மனம் வரவில்லை.

அவர் கூற்றின் முதற்பாதியை ஊவா மலைகளிலே வாழும் ஓர் ஆசிரியன் முழுதாக ஒப்புக்கொள்ள முடியுமா என்பதும் ஐயமே. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவிற் பிறந்து, குப்பி விளக்கிற் படித்த பையன் எழுதியதை நான் என் கண்ணாற் படித்தேன். வறுமை அவனுடைய புலனைக் கொன்றுவிடவில்லை. அதற்குப் பேச்சு இல்லாமற் செய்திருந்தது. பேச்சு வந்த ஒரே ஒரு தடவையும் நான் வாயை அடைத்துவிட்டேன்.

மலையகத்தைப் பற்றிய நம் எழுத்தையும் இவ்விடத்தில் எண்ணிப் பார்க்கலாம். சி. வி. வேலுப்பிள்ளையும், இதே பதுளைப் பகுதியில் ஊவாக்கட்டவளையிற் பிறந்த தெளிவத்தை ஜோசப்பும், அவர்களுக்குப் பின்வந்தோரும் இம்மக்களின் துயரை உலகறியச் செய்தார்கள். 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தினாற் குடியுரிமை இழந்து, 1964 ஆம் ஆண்டு ஒப்பந்தத்தினாற் குடும்பங்குடும்பமாய்ப் பிரிக்கப்பட்டு, இராமேசுவரம் கப்பலுக்கு அனுப்பப்பட்ட மக்களின் இலக்கியத்திலே அழுகையும் இளிவரலும் வெகுளியும் மேலோங்கி நின்றது இயல்பே. அதைக் குறைசொல்ல எவருக்கும் உரிமையில்லை. எனினும், எட்டு மெய்ப்பாடுகளில் மூன்றை மட்டுமே ஒரு மக்களுக்கு உரியவையாக நாம் எண்ணப் பழகிவிட்டோமோ என்ற அச்சம் எனக்கு உண்டு. துன்புறுவோன் என்ற பெயரை ஒருவனுக்குச் சூட்டிவிட்டு, அவன் வியந்து நின்றால் 'தலைப்புக்குப் புறம்பு' என்கிறோம்.

ஆயினும் எல்லா வியப்பையும் நான் போற்றவில்லை. தோட்டத்திலே ஒருவகை வியப்பு நூறாண்டுக்கு மேலாக முறையாகக் கற்பிக்கப்பட்டு வந்தது. துரை குதிரையில் வந்தால் பாதையை விட்டு இறங்கி நிற்பது, தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்குவது, குடையை மடக்குவது, பங்களாவின் பூந்தோட்டத்தை வேலிக்கு வெளியே நின்று பார்ப்பது என்பவை அதன் பாடங்கள். இதுவும் பெருமை கண்டு பிறக்கும் மருட்கைதான். ஆனால் அது மனிதனைக் குனிய வைத்தது. 'அவர் பெரிய இடம். நமக்கு எட்டாது' என்ற சொல்லோடு அது முடிந்துவிடும். துரைமார் போய்விட்டார்கள். அந்த மருட்கை மட்டும் அமைச்சரின் வாகனத்துக்கும், சங்கத் தலைவரின் மாலைக்கும், கைத்தொலைபேசித் திரையிலே தோன்றும் நடிகனுக்கும் இடம்மாறியிருக்கிறது.

புறநானூற்றின் 192 ஆம் பாடலை உலகமே மேற்கோள் காட்டுகிறது. பெரும்பாலும் அதன் முதலடியோடு நின்றுவிடுகிறது. அப்பாட்டை முடிக்கும்போது கணியன் பூங்குன்றனார் ஓர் உறுதிமொழி சொல்கிறார். பெருமை உடையோரைக் கண்டு மருளமாட்டோம்; எளியோரை இகழ்வதோ அதைக் காட்டிலும் செய்யமாட்டோம் என்பது அதன் பொருள். வியப்பை மறுத்த கவிஞர் என்று இவரைக் கொள்ளலாமா? அவ்வாறு கொள்வது தவறு. அந்த முடிவுக்கு வருமுன் அவர் மழையைப் பார்க்கிறார். கற்களில் மோதி இரைந்தோடும் பேராற்றைப் பார்க்கிறார். அதன் போக்கிலே செல்லும் புணையைப் பார்க்கிறார். உலகைக் கண்டு வியக்கத் தெரிந்தவர்க்கே மனிதரின் மேல்கீழைக் கண்டு வியவாதிருக்கும் துணிவு வந்தது என்று நான் அதைப் படிக்கிறேன். இருட்டிலே டவுனும் பங்களாவும் லயமும் ஒன்றாயிருந்தன என்று எழுதிய பையனும் அதே வழியிலேதான் நடந்திருந்தான். புறநானூறு அவனுடைய பாடத்திட்டத்தில் எவ்வளவு இருந்தது என்பது வேறு கதை.

சென்ற தவணையிலே ஒரு காரியஞ் செய்தேன். பத்தாந்தர வகுப்புக்குத் தலைப்பு எதுவுங் கொடாமல், ஒவ்வொருவருக்கும் ஒரு வெற்றுத்தாள் கொடுத்தேன். 'உலகத்தைக் கண்டு நீ அசந்து நின்ற ஒரு பொழுதை எழுது, பெயர் எழுதவேண்டாம், புள்ளியும் இல்லை' என்று சொன்னேன். புள்ளி இல்லை என்றதும் வகுப்பில் ஒரு கலக்கம். எதற்காக எழுத வேண்டும் என்று ஒரு பிள்ளை நேராகவே கேட்டாள். நியாயமான கேள்வி. பதினைந்து வயதுக்குள் அவர்களுக்கு நாம் கற்பித்திருக்கும் ஒழுக்கம் அதுதானே! 34 தாள்கள் திரும்பி வந்தன.

சிலர் தும்பறை, துன்ஹிந்த என்று சுற்றுலாப் புத்தகத்தைப் போல எழுதியிருந்தார்கள். 60 மீற்றருக்கு மேலிருந்து விழும் துன்ஹிந்த அருவி அழகானதே. அவர்கள் எழுதியதில் அருவி இருந்ததேயன்றி எழுதியவர்கள் இல்லை. எல்லையிலும் தெமோதரையிலும் வெளிநாட்டார் நின்று படமெடுக்கும் ஒன்பது வளைவுப் பாலத்தைப் பற்றியும் அவ்வாறே. தங்கள் ஊரைப் பிறர் கண்ணாற் பார்க்கவும் நம் பிள்ளைகள் கற்றுவிட்டார்கள். ஆனால் ஏனைய தாள்கள் அப்படி இல்லை.

ஒரு பையன் தெமோதரைப் புகையிரத நிலையத்தில் நேர்ந்ததை எழுதியிருந்தான். சிறுவயதிலே மாமாவை வழியனுப்பப் போயிருந்தானாம். வண்டி புறப்பட்டு மலையைச் சுற்றி மறைந்தது. அவன் மேடையிலே நின்று அழுதுகொண்டிருந்தான். சற்று நேரத்திலே காலுக்கடியில் நிலம் அதிர்ந்தது. போன வண்டி அவன் நின்ற நிலையத்துக்குக் கீழேயே குகைக்குள் நுழைந்து போயிற்று. 'போன மாமா என் காலுக்கு அடியிலே போனார்' என்று எழுதியிருந்தான். பதுளையை 1924 இல் அடைந்த அந்த இருப்புப்பாதை, சரிவைச் சமாளிப்பதற்காகத் தெமோதரையிலே வளையமாய்ச் சுற்றித் தன் நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கத்தில் நுழைகிறது. இந்த வளையத்தைப் பற்றி இப்பகுதியில் ஒரு கதை வழங்குகிறது. வழி தெரியாமல் திகைத்த பொறியியலாளர் விமலசுரேந்திர, தோட்டத்துக் கங்காணி ஒருவர் தலைப்பாகையைச் சுற்றிக் கட்டுவதைக் கண்டு இந்த வழியைக் கண்டுபிடித்தாராம். வரலாறோ, கட்டுக்கதையோ, நான் அதை வகுப்பிலே சொன்னேன். துரையைக் கண்டதும் அவிழ்க்கப்பட்ட அதே தலைப்பாகை! பிள்ளைகள் சிரித்தார்கள். பின்னர் ஒருத்தி, "அந்தக் கங்காணிக்குப் பேர் இல்லையா சேர்?" என்று கேட்டாள். கதையிலே அவருக்குப் பெயர் இல்லை.

இன்னொரு தாள் மூன்றே வரி. காலைப் பனிமூட்டத்திலே மலைக்குப் போன அம்மாவுக்குத் தேநீர் கொண்டு போனவள் எழுதியது. ஒன்றுமே தெரியாத வெண்மைக்குள்ளிருந்து அம்மாவின் குரல் மட்டும் வந்ததாம். 'அம்மா மலை முழுவதும் இருந்தது போல் இருந்தது' என்று எழுதியிருந்தாள். இதற்கு விளக்கம் எழுத எனக்குத் துணிவில்லை. மற்றொருத்தி, கூட்டமான பஸ்ஸிலே முன்பின் அறியாத சிங்களத் தாயொருவர் தன்னை மடியில் இருத்திப் பாதிப் பணிசைப் பிட்டுக் கொடுத்ததை எழுதியிருந்தாள். வெள்ளியும் மலையும் மட்டும்தான் வியப்புக்குரியவை என்று எண்ணியிருந்த எனக்கு அது ஒரு பாடம்.

அறிவு நிரம்பாத நிலையிலே தோன்றுவது மருட்கை என்று பொருள்படத் தொல்காப்பியர் ஓர் அடைமொழி இட்டிருக்கிறார். அப்படியானால் அறிவு நிரம்பியதும் மருட்கை போய்விடுமா? பிள்ளைகளின் வியப்பிலே விஞ்ஞானத்தைக் கலந்தால் அது கெட்டுவிடும் என்று சொல்லும் கவிதைப் பித்தர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு மறுமொழியாக ஒரு தாளைக் காட்டலாம்.

ஸ்டோருக்கு அருகே உள்ள லயத்துப் பிள்ளை ஒருத்தி, ஆடி மாதத்திலே மட்டும் இரவிற் கொழுந்து வாட்டும் வாசம் வேறாக இருக்கும் என்றும், கண்ணை மூடினால் அந்த வாசத்திலே தான் மிதப்பது போலிருக்கும் என்றும் எழுதியிருந்தாள். அவள் நுகர்ந்தது உண்மை. யூலை முதல் செப்ரெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மேற்கு மலைகளிலே மழையைக் கொட்டிவிட்டு, வறண்ட காற்றாய் ஊவாப் பக்கம் இறங்குகிறது. அக்காற்றிலே தேயிலைச் செடி நீருக்கு ஏங்குகிறது, இலை தன் நுண்துளைகளை இறுக்கிக்கொள்கிறது, வளர்ச்சி குன்றுகிறது. அந்த நெருக்கடியிலே இலைக்குள் மணப்பொருள்கள் மிகுகின்றன. ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையிலே தனிப்பெயர் வாங்கிக் கொடுத்த குளிர்ந்த மணம் அதுவே. வாடுகின்ற இலைதான் மணக்கிறது என்று நான் சொன்னபோது வகுப்பு அமைதியாயிற்று. அறிந்த பிறகு வியப்பு குறைந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அடுத்த கேள்வி தானாகவே வந்தது: "அந்த மாதத்தில் தேயிலைக்கு விலை கூடுமா சேர்?" கூடும் என்றேன். "அம்மாவுக்குச் சம்பளம் கூடாதே?" ஆயிரம் ரூபா நாட்சம்பளத்துக்காக எத்தனை ஆண்டு போராடி, 2021 இலேதான் ஊதியச் சபை மூலம் அது நிர்ணயிக்கப்பட்டது என்பதை அந்தப் பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர்கள் வீட்டுக் கதை அது. கொழும்பு ஏலத்துக்கும் கொழுந்து மடுவத்துத் தராசுக்கும் இடையிலுள்ள தூரத்தை அவர்கள் அன்று ஒரு வாசத்தைப் பிடித்துக்கொண்டு போய்க் கண்டார்கள். என் நண்பர் மேடையிலே ஒரு மணிநேரம் பேசும் பொருள் அதுதான். அவரிடம் இதைச் சொன்னேன். "அது சரி" என்றார், வேறொன்றும் சொல்லவில்லை.

மருட்கைக்கு அடுத்ததாக அச்சத்தை வைத்தார் தொல்காப்பியர். இரண்டும் ஒரே சுவரின் இருபுறத்து வீடுகள் என்பதை இந்த மலைகளிலே வாழ்பவர் அறிவர். 2014 ஒக்ரோபர் 29 காலையிலே கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தும் மக்கள் வேறிடத்திற் குடியேற்றப்படவில்லை. 2025 நவம்பர் இறுதியிலே டித்வா சூறாவளியின் மழையில் பதுளை மாவட்டத்தின் மலைகள் பல இடங்களில் மீண்டும் சரிந்தன. என் கையிலுள்ள தாள்களில் இரண்டு அதைப் பற்றியவை. 'பச்சை மலை திறந்து உள்ளே சிவப்பாய் இருந்தது. பார்க்கப் பயமாய் இருந்தது. ஆனால் பார்க்காமல் இருக்க முடியவில்லை' என்று ஒன்று. இவ்வாறு எழுதும் பிள்ளைக்கு முன்னால் இயற்கையின் எழிலைப் பற்றிப் பாடம் நடத்துவது பாவம். உளுத்த பாறைக்கு மேலே கிடக்கும் தளர்ந்த மண்ணில் நீர் ஊறினால் அதன் பிடி எவ்வாறு தளர்கிறது, கான்கள் தூர்ந்தால் நீர் எங்கே போகும், இவற்றை முன்கூட்டி அறிய வழி உண்டா என்றெல்லாம் புவியியல் ஆசிரியரை அழைத்து வகுப்பிலே பேச வைத்தோம். எவருடைய லயம் எங்கே கட்டப்பட்டது, அந்த இடத்தைத் தெரிந்தவர் யார் என்ற கேள்வியும் எழுந்தது. பங்களா எந்த மேட்டிலே நிற்கிறது என்பதை அன்றுதான் பலரும் கவனித்துப் பார்த்தார்கள்.

இவ்வளவையும் படிக்கும் ஆசிரிய நண்பர் எவராவது, 'நல்லது, இதற்கும் ஒரு பாடத்திட்டம் வகுக்கலாமே' என்று எண்ணக்கூடும். தயவுசெய்து வேண்டாம். தவணைக்கு ஒரு வியப்பு என்று அட்டவணை இட்டு, மேற்பார்வையாளர் வந்து கையொப்பமிடும் நிலை வந்தால் அடுத்த ஆண்டே 'வியப்பு மாதிரிக் கட்டுரைகள் 50' என்ற புத்தகம் பதுளைக் கடைகளிலே தொங்கும். நான் செய்ததும் ஒருமுறை செய்தது. மறுமுறை கேட்டால் பிள்ளைகள் எனக்குப் பிடித்ததை எழுதித் தருவார்கள்.

அந்தப் பையனைப் பின்பு ஒருமுறை கண்டேன். 2024 தைப்பொங்கலுக்கு ஊர் வந்து திரும்பும்போது பதுளை பஸ் நிலையத்திலே நின்றான். வளர்ந்திருந்தான். பையை இறக்கி வைத்துவிட்டுக் கைகட்டி நின்றான்.

"இப்ப எங்கப்பா இருக்க?"

"பெட்டாவுல சேர். துணிக்கட."

அந்தக் கட்டுரைக்கு நான் இட்ட புள்ளி தவறு என்று சொன்னேன். அவனுக்கு வெட்கமாகிவிட்டது. "அது ஒண்ணும் இல்ல சேர்" என்றான். கொழும்பிலே வெள்ளி தெரிகிறதா என்று கேட்டேன். "எங்க சேர்? ராவு பூரா வெளிச்சந்தானே" என்றவன், சற்றுத் தயங்கி, "அந்த நாலு வெள்ளிக்குப் பேரு என்னா சேர்?" என்று கேட்டான். அதற்குள் நான் தேடிப் படித்திருந்தேன். தென்சிலுவை என்றேன், கடலோடிகள் தென்திசை அறிய அதை நம்பினார்கள் என்றேன், ஆஸ்திரேலியாவின் கொடியிலே அது இருக்கிறது என்றும் சொன்னேன். "அப்ப அவங்களுக்கும் நம்ம வெள்ளிதானா?" என்று சிரித்தான். கொழும்பு பஸ் புறப்பட்டது, ஓடிப்போய் ஏறிக்கொண்டான்.

34 தாள்களில் ஒன்றைப் பற்றி இதுவரை சொல்லவில்லை. அதிலே ஒரே ஒரு வரிதான் இருந்தது. 'எனக்கு அப்படி ஒன்றும் நடந்ததில்லை.' எழுத்து மிகவும் சீரானது, பிழையில்லாதது. பெயர் எழுதவேண்டாம் என்று சொன்னவன் நான். கொப்பிகளோடு ஒப்பிட்டால் யாருடைய கையெழுத்து என்று கண்டுபிடித்துவிடலாம்; கொடுத்த வாக்கை எண்ணி அப்படிச் செய்யவில்லை. அந்தப் பிள்ளை உண்மையைத்தான் எழுதியதா, அல்லது எழுத விரும்பாத ஒன்றை மறைத்ததா, அல்லது பார்ப்பதற்கு நேரமே இல்லாத வீட்டிலிருந்து வருகிறதா? தினமும் காலையிலே வரவு கூப்பிடும்போது 34 முகங்களையும் ஒவ்வொன்றாய்ப் பார்க்கிறேன்.